தொட்டி மீனுக்குக் கீரையும் காயும்: வாங்குவதில் தொடங்கி வெளியே எடுப்பது வரை

மீனுக்குக் காய்கறி கொடுக்கலாம் என்று யாராவது சொன்னதும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, ஃப்ரிட்ஜைத் திறந்து வெள்ளரிக்காயைத் தேடுவது. அங்கேயே வரிசை தப்பிவிடுகிறது. முதலில் மீன், அடுத்து தொட்டி, கடைசியில்தான் காய். காயைப் போடுவதைவிட அதை எப்போது வெளியே எடுக்கிறோம் என்பதில்தான் புதியவர்களின் தொட்டி கெடுகிறது, அதனால் அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். இதைச் சேலத்து வெயிலையும் தண்ணீரையும் வைத்து எழுதியிருக்கிறேன். ஏற்காட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும், அது கடைசியில் வருகிறது.

1. இது உங்கள் மீன் சாப்பிடுகிற உணவுதானா?

ஃபைட்டரும் அரோவானாவும் பூச்சி, புழு, சின்ன மீன் என்று வாழும் ஜாதி. குடல் குட்டை. கீரை போட்டால் அது தண்ணீரில் அழுகும், வேறு எதுவும் நடக்காது. ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் எப்போதாவது ஒரு பட்டாணியை விழுங்கும், அவ்வளவுதான்.

காய்கறி கட்டாயம் தேவைப்படும் மீன்கள் வேறு. கடையில் 'டேங்க் கிளீனர்', 'சக்கர்' என்று கொடுக்கிறார்களே, அந்த பிளெக்கோ முதலில் வரும். சில்வர் டாலர், ஜெயண்ட் கௌராமி, மலாவி ஏரியிலிருந்து வந்த மபுனா வகை ஆப்பிரிக்கன் சிக்லிட் எல்லாம் இந்தக் கூட்டம். மபுனா பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று பழகியது, அதற்கு நாள் தவறாமல் புழுவும் அதிகப் புரத உணவும் கொடுத்தால் வயிறு ஊதி நோயில் விழும் ஆபத்து கூடுகிறது.

நடுவில் இருப்பவை எல்லாம் தின்னும்: கோல்ட் ஃபிஷ், கொய், மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில், கப்பி, ரோஸி பார்ப். இவற்றுக்குக் காய்கறி ஒரு பங்கு, முழு உணவு அல்ல. இதில் கோல்ட் ஃபிஷைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு இரைப்பையே கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்து நேராகக் குடலுக்குத் தள்ளுகிறது, அதனால் ஒரே நேரத்தில் நிறைய கொடுப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே அதற்கு ஒத்துவரும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது பிளெக்கோ விஷயத்தில். 'அழுக்கைத் தின்னும், தனியாகத் தீனி வேண்டாம்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மீன் கழிவை அது தின்னாது. தொட்டியில் இருக்கும் பாசி சில நாளில் தீர்ந்துவிடும், அப்புறம் பட்டினிதான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பாருங்கள், உள்ளே குழிந்திருந்தால் பல நாளாகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். அதோடு, கடையில் குட்டியாக வாங்கும் சாதாரண பிளெக்கோ ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் இடமில்லை என்று மூக்கனேரியிலோ கன்னங்குறிச்சிப் பக்கத்துக் குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பரவி நம் மீன்களுக்குத் தொல்லையாகிக்கொண்டிருக்கிறது. சின்னத் தொட்டி என்றால் பிரிஸ்டில்நோஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள், அரை அடிக்குள் நின்றுவிடும்.

2. தொட்டி தயாரா?

தொட்டி வைத்து ஒன்றரை மாதமாவது ஆகியிருக்கட்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற அந்த அளவு நாள் பிடிக்கும். அதற்கு முன்னால் காய் போட்டால், தின்னாமல் மிஞ்சும் துண்டு அழுகி வரும் அம்மோனியாவைச் சமாளிக்க அங்கே யாரும் இல்லை. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிப் பாருங்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால்தான் அடுத்த படி.

சேலத்தில் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். போர் தண்ணீர் பல வீடுகளில் கடினத் தண்ணீர், பி.எச். ஏழுக்கு மேலே நிற்கும். பி.எச். ஏழிலிருந்து எட்டுக்குப் போனாலே, அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெயில் காலத்தில் தண்ணீர் சூடாவதால் அது இன்னும் ஏறும். குழாயில் வரும் மேட்டூர் காவிரித் தண்ணீர் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் ஆறுதல், ஆனால் குளோரினை நீக்காமல் தொட்டியில் ஊற்றினால் அந்த நல்ல பாக்டீரியாவே செத்துப்போகும்.

3. எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சின்னப் பாத்திரம், மீனுக்கென்றே. சாம்பார் வைத்த பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய் தொட்டியில் படலமாக மிதக்கும். அப்புறம் ஒரு கத்தி, பல் தேய்க்கும் பழைய மெல்லிய பிரஷ், ஒரு எவர்சில்வர் முள்கரண்டி, பருத்தி நூல், நீளமான இடுக்கி, ஒரு சைபன் குழாய். காயைப் பிடித்து வைக்கும் கிளிப் கடையில் கிடைக்கிறது, ஆனால் ஸ்டீல் பிளாண்ட் இருக்கும் ஊரில் எவர்சில்வர் கரண்டிக்கா பஞ்சம்? பித்தளை, செம்பு மட்டும் வேண்டாம். செம்பு தண்ணீரில் கரைந்தால் இறாலும் நத்தையும் முதலில் போகும்.

4. என்ன வாங்குவது, எங்கே கவனிப்பது

உழவர் சந்தையில் காலையில் வாங்குவது நல்லது, சூரமங்கலமோ அம்மாபேட்டையோ தாதகாப்பட்டியோ, எது பக்கமோ அது. புதிதாக இருக்கும் என்பது ஒரு காரணம். விற்பவர் பெரும்பாலும் விளைவித்தவரே என்பதால், 'மருந்து எப்போது அடிச்சீங்கண்ணா' என்று நேராகக் கேட்கலாம் என்பது அதைவிட முக்கியமான காரணம். காய்கறிக்கு அடிக்கும் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மனிதனுக்குச் சின்ன அளவில் பெரிதாக ஒன்றும் செய்யாமல் போகலாம், மீனுக்கும் இறாலுக்கும் அவை கடும் விஷம். நீங்கள் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது மீனுக்குப் பாதுகாப்பு இல்லை.

அதனால் நான் காயைத் தேர்ந்தெடுக்கும் விதம் எளிது: தோல் சீவக்கூடியது முதலில், இலை அப்புறம், காலிஃபிளவர், முட்டைகோஸ் மாதிரி மருந்து நிறைய அடித்து மடிப்புக்குள் தங்கிவிடும் ரகம் வேண்டவே வேண்டாம்.

பீர்க்கங்காய், சுரைக்காய், சௌசௌ மூன்றும் பிளெக்கோவுக்கு நன்றாகப் போகும். வெளிநாட்டு வீடியோக்களில் சுக்கினி சுக்கினி என்பார்கள், அதைத் தேடி அலைய வேண்டாம். காய் தின்னும் மீன்களில் பெரும்பாலானவை வெள்ளரியைத் தின்னும், ஆனால் அதில் 95 சதவீதம் தண்ணீர்தான், அதை மட்டுமே கொடுத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. கசக்கும் வெள்ளரியை, கசக்கும் சுரையை நாக்கில் வைத்துப் பார்த்தே ஒதுக்கிவிடுங்கள்.

மஞ்சள் பூசணியும் கேரட்டும் நிறத்துக்கு. சிவப்பு, ஆரஞ்சு நிறத்துக்குத் தேவையான கரோட்டினாய்டுகளை மீன் தன் உடம்பில் தானாக உண்டாக்க முடியாது, உணவில் வர வேண்டும். வெளுத்துப்போன கோல்ட் ஃபிஷ் வைத்திருப்பவர்கள் இதைத் தொடங்கினால் ஒரு வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள், பொறுமையாகத்தான் தெரியும்.

கீரையில் பாலக், சிறுகீரை, அரைக்கீரை எதுவும் சரி. ஆனால் பாலக்கிலும் தண்டுக்கீரை வகைகளிலும் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாற்றி மாற்றிக் கொடுங்கள், தினமும் ஒரே கீரை வேண்டாம்.

பட்டாணி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஊறவைத்து விற்கும் பச்சைப் பட்டாணியில் சில நேரம் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் வையுங்கள், தண்ணீர் பச்சையானால் அதை மீனுக்கும் கொடுக்க வேண்டாம், நீங்களும் சாப்பிட வேண்டாம். தோலோடு வரும் பட்டாணியை உரிப்பது, இல்லையென்றால் ஃப்ரோசன் பட்டாணி, இரண்டில் ஒன்று. டின்னில் வருவதில் உப்பு இருக்கும்.

5. கழுவுவதும் வேகவைப்பதும்

ஓடும் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, அப்புறம் தோல் சீவுங்கள். முதலில் சீவிவிட்டு அப்புறம் கழுவினால் தோலில் இருந்த மருந்து கத்தி வழியாகச் சதைக்குப் போய்விடும். கீரையை அகலமான பாத்திரத்தில் அமுக்கி அலசி, தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். ஆனாலும் கழுவுவதால் மேலே ஒட்டியிருப்பதுதான் போகும், செடிக்குள் ஏறிய மருந்து போகாது. மருந்து எப்போது அடித்தார்கள் என்று கேட்டு வாங்கச் சொன்னது அதனால்தான்.

அடுத்து கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுப்பது. ஏன் வேக வைக்கிறோம் என்றால், தாவரத்தின் செல் சுவரை உடைக்கும் பல்லும் சுரப்பும் பெரும்பாலான தொட்டி மீன்களுக்கு இல்லை. சூடு அந்த வேலையில் பாதியைச் செய்து கொடுக்கிறது. இலை மென்மையாகிறது, உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதால் காய் சீக்கிரம் மூழ்கும்.

கீரைக்கு ஒரு நிமிடம் போதும். வெள்ளரி, பீர்க்கு, சுரை வட்டத் துண்டுகளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். சௌசௌ, பூசணிக்கு நான்கைந்து நிமிடம், கேரட்டுக்கு இன்னும் கொஞ்சம், கத்தி அழுத்தாமல் இறங்கும் வரை. குழைய விடக்கூடாது, குழைந்த துண்டை மீன் வாய் வைத்ததும் அது கரைந்து தண்ணீரில் பரவும். எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் உள்சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது. மத்தியானம் செய்த பொரியலில் மிச்சம் இருந்ததைக் கழுவிப் போடலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடாது.

பட்டாணியை முக்கி எடுத்ததும் விரலால் பிதுக்கினால் தோல் தனியாக வரும். தோலைப் போடுங்கள் குப்பையில். பருப்பை இரண்டாகப் பிளந்து, சின்ன மீன் என்றால் நசுக்கிக் கொடுங்கள். ஃப்ரோசன் பட்டாணிக்குக் கொதிதண்ணீரே வேண்டியதில்லை, உறையும்போதே செல் உடைந்துவிடுவதால் வெதுவெதுப்பான தண்ணீரில் இளகவைத்தால் போதும்.

வெள்ளரியில் நடுவில் இருக்கும் விதைப் பகுதியைக் குடைந்து எடுத்துவிடுங்கள். மீன் முதலில் அதைத்தான் கிழிக்கும், தொட்டி முழுக்க விதை மிதக்கும்.

6. மூழ்கவைப்பது

பிளெக்கோ, மற்ற அடித்தள மீன்களுக்குத் துண்டை முள்கரண்டியில் குத்தி அப்படியே அடியில் வையுங்கள். கோல்ட் ஃபிஷ், மோலிக்குக் கீரையை நாலைந்து இலையாகச் சேர்த்து ஒரு கல்லோடு பருத்தி நூலால் கட்டி இறக்குங்கள், அவை பிய்த்துத் தின்ன ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். சும்மா மிதக்கவிட்ட இலை ஃபில்டர் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தண்ணீர் ஓட்டமே நின்றுவிடும். ஃபில்டர் வாயிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

7. எவ்வளவு, எப்போது

விரல் அளவு பிரிஸ்டில்நோஸ் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு வட்டத் துண்டு. இரண்டு அங்குல கோல்ட் ஃபிஷுக்கு ஒரு பட்டாணி. மோலி கூட்டத்துக்கு ஓர் இலை. குறைவாகத் தெரிகிறதா? குறைவாகவே தொடங்குங்கள்.

பிளெக்கோ இரவில் நடமாடும் மீன். விளக்கை அணைத்த பிறகு துண்டை இறக்குங்கள். பகலில் போட்டால் மற்ற மீன்கள் கிழித்துவிடும், பிளெக்கோ மரக்கட்டைக்குப் பின்னாலேயே ஒளிந்திருக்கும், நீங்கள் 'இது சாப்பிட மாட்டேங்குது' என்பீர்கள். மற்ற மீன்களுக்குக் காலையில், வழக்கமான தீனிக்குப் பதிலாக. பதிலாக என்பதைக் கவனியுங்கள், கூடுதலாக இல்லை. பெல்லெட்டும் (கடையில் விற்கும் உருண்டைத் தீனி) போட்டுக் கீரையும் போட்டால் பெல்லெட்டை மட்டும் தின்றுவிட்டுக் கீரையை விட்டுவிடும்.

எல்லாம் தின்னும் மீன்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். பிளெக்கோ, சில்வர் டாலருக்குக் கிட்டத்தட்ட தினமும் கொடுக்கலாம், ஆனால் அவற்றுக்கும் காய் மட்டுமே முழு உணவாகாது, ஸ்பைருலினா என்ற நுண்பாசி கலந்த பெல்லெட்டும் வேண்டும்.

8. வெளியே எடுப்பது

இங்கேதான் தொட்டிகள் கெடுகின்றன. போட்டவுடன் ஃபோனில் அலாரம் வையுங்கள். பகலில் போட்டதை இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுக்க வேண்டும். இரவு பிளெக்கோவுக்குப் போட்டதைக் காலையில் முதல் வேலையாக எடுக்க வேண்டும், பல் துலக்குவதற்கு முன்னால் என்றாலும் தப்பில்லை. 'இன்னும் பாதி இருக்கே, மத்தியானம் தின்னும்' என்று விடுவதுதான் வழக்கமான தப்பு. மீன் தொடாத துண்டில் பாக்டீரியா பெருகி, அது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சுகிறது, அழுகிய துண்டிலிருந்து அம்மோனியா தொடர்ந்து வருகிறது. மறுநாள் தண்ணீர் பால்போல் கலங்கியிருந்தால் காரணம் இதுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் அந்த நேரத்தைப் பாதியாக்குங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், காயும் சீக்கிரம் அழுகும், இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். இதோடு கரண்ட் போய் ஏர் பம்பும் நின்றால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு வந்த நாளில் காயே போடாதீர்கள்.

துண்டை எடுத்ததும் இடுக்கியால் பெரிய நார்களைப் பொறுக்கி, அடியில் இருக்கும் தூளை சைபனால் இழுங்கள். பிளெக்கோ சதையைச் சுரண்டிவிட்டுத் தோலை வளையமாக விட்டுவைக்கும், அதுவும் வெளியே போக வேண்டும். காய் கொடுக்க ஆரம்பித்த பிறகு ஃபில்டர் பஞ்சு சீக்கிரம் அடைபடும். தொட்டியிலிருந்து வெளியே எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், குழாய்த் தண்ணீரில் வேண்டாம். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதையும் விடாதீர்கள்.

கலங்கிவிட்டதா? மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். மிச்சத்தை எடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, ஏர் பம்பை முழு வேகத்தில் விட்டு, இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள். பெரிய மீன்கள் அதைத் தாங்கும்.

9. தொடவே இல்லை என்றால்

கடையில் பெல்லெட்டில் வளர்ந்த மீனுக்குக் கீரை உணவு என்றே தெரியாது. ஒரு நாள் தீனி போடாமல் விட்டு மறுநாள் காலை கீரையை மட்டும் இறக்குங்கள். மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும். இரண்டு நாள் கழித்து மறுபடி. சிலது ஒரு வாரத்தில் பழகும், சிலது ஒரு மாதம் இழுக்கும். ஒன்று கடிக்க ஆரம்பித்தால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். குஞ்சுகளை மட்டும் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள்.

மலம் பச்சையாகவோ நீளமாகவோ வந்தால் பயப்பட வேண்டாம், தின்றது வெளியே வருகிறது. வெள்ளையாக நூல்போல் வந்து மீன் சாப்பிடாமலும் இருந்தால் அது வேறு விஷயம், காய்கறியால் தீராது. அதேபோல் கோல்ட் ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் உடனே பட்டாணி கொடு என்பார்கள். மலச்சிக்கலாக இருந்தால் உதவும். மிதவைப்பை வேறு காரணத்தால் கெட்டிருந்தால் எத்தனை பட்டாணி போட்டும் பயனில்லை.

10. அகர் கட்டி: வாரத்துக்கு ஒரு முறை செய்து வைப்பது

தினமும் வேகவைக்க நேரமில்லாதவர்களுக்கு இது. வேகவைத்த கீரை, பூசணி, பட்டாணி மூன்றையும் சேர்த்து ஒரு கப் விழுதாக அரையுங்கள். ஸ்பைருலினா தூள் ஒரு ஸ்பூன், எல்லாம் தின்னும் மீன் என்றால் வேகவைத்த இறால் கொஞ்சம். இன்னொரு கப் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் அகர் தூள் போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, சற்று ஆறியதும் விழுதைக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். கெட்டியானதும் சின்னச் சதுரமாக வெட்டி ஃப்ரீசரில் வைக்கலாம்.

ஜெலட்டின் வேண்டாம். அது 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், நம் ஊரில் மே மாதத் தொட்டித் தண்ணீர் அங்கேதான் நிற்கும். கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் கடைகளில் கிடைக்கும் அகர், ஒருமுறை உறைந்தால் 80 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும்.

11. அசோலாவும் பாசிக் கல்லும்

மாடு வைத்திருப்பவர்கள் யாராவது தெரிந்தால் ஒரு கைப்பிடி அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் குட்டிச் செடி, மாட்டுத் தீவனம்) கேட்டு வாங்குங்கள், கோல்ட் ஃபிஷ் விரும்பித் தின்னும். ஆனால் அதை வளர்க்கும் குழியில் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டிருப்பார்கள். தனித் தொட்டியில் சுத்தமான தண்ணீரில் சில நாள் மிதக்கவிட்டு, பலமுறை அலசிய பிறகே போடுங்கள். ஏரியிலிருந்து அள்ளி வராதீர்கள், சாக்கடையும் தும்பிப் புழுவும் சேர்ந்து வரும். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் அதை மூடவிடவும் கூடாது.

மொட்டை மாடியில் ஒரு டப்பில் தண்ணீரும் கூழாங்கல்லும் போட்டு வெயிலில் வைத்தால் கல்லில் பச்சைப் பாசி படியும். கல்லை அப்படியே பிளெக்கோவுக்கும் மபுனாவுக்கும் கொடுக்கலாம், இதைவிட நல்ல தீனி கடையில் கிடையாது. டப்பில் நாலு கப்பி விட்டு வையுங்கள், இல்லையென்றால் கொசுப்புழு வரும், மாநகராட்சி ஆட்கள் வந்து டப்பைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள்.

12. போடக்கூடாதவை

குச்சிக்கிழங்கு (மரவள்ளி), அதன் இலை, தோல் எதுவும் பச்சையாகக் கூடாது, அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சேகோ ஆலை பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறதே என்று நினைக்காதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, வெங்காயம், தக்காளி இலை, பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு வேண்டாம். கோயில் குளத்தில் போடுகிறோமே என்று பொரி போடுவதும் வேண்டாம், அது வெறும் மாவுச்சத்து, ஊறி உப்பித் தண்ணீரைக் கெடுக்கும்.

13. ஏற்காட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

குளிரில் மீனின் செரிமானம் மெதுவாகும். டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் இல்லாத கோல்ட் ஃபிஷ் தொட்டியில் அளவைப் பாதியாக்குங்கள், காய் மெதுவாகத்தான் அழுகும் என்றாலும் மீனும் மெதுவாகத்தான் தின்னும். பிளெக்கோ, சில்வர் டாலர், சிக்லிட் எதையும் ஹீட்டர் இல்லாமல் அங்கே வைக்கவே கூடாது.

காபித் தோட்டத்துக்குள் முளைத்த கீரையைப் பறித்துப் போடுவது அங்கே எளிது, ஆனால் காபிக்கும் மிளகுக்கும் போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை அது, மயில்துத்தம் என்றால் செம்பு. கீழே இருக்கும் இலையில் அது சொட்டியிருக்கும். தோட்டக்காரரிடம் கேட்காமல் பறிக்காதீர்கள், இறால் வைத்திருந்தால் கேட்டாலும் பறிக்காதீர்கள். வீட்டுத் தொட்டியிலோ சாக்குப் பையிலோ நீங்களே ஒரு பிடி சிறுகீரை விதைத்தால் இருபத்தைந்து நாளுக்குள் பறிக்கலாம், மீன்களுக்கு அதுவே போதும்.